கடிமிளையும் காப்புக்காடும்: ஒரு பெயரடையின் அரசியல்

"எடப்புளி நாடுங்களா? அது ரொம்ப இன்டீரியர் சார்." கொல்லிமலை பற்றி அரசுத் துறை ஆட்களிடம் பேசியிருக்கும் யாருக்கும் இந்த வாக்கியம், அல்லது நாட்டின் பெயர் மட்டும் மாறிய இதன் இன்னொரு வடிவம், பழக்கமானதுதான். மருந்து ஏன் வரலே, வாத்தியார் ஏன் வரலே, நிலம் அளக்க ஏன் ஆள் வரலே என்று எதைக் கேட்டாலும் 'இன்டீரியர்' என்பதே பதில். ஒரு செயல் ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறோம்; இடத்தின் குணம் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வராத ஆள் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார். மலை மட்டும் குற்றவாளியாக நிற்கிறது.

'உள்ளே' என்றால் எதற்கு உள்ளே? கொல்லிமலையின் 14 ஊராட்சிகளில் பெரும்பாலானவை நாடு என்றே பெயர் கொண்டவை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு, எடப்புளி நாடு என்று பட்டியல் நீளும். தன்னை நாடு என்று அழைத்துக்கொள்ளும் ஓர் இடம் தன்னை நடுவில் வைத்துக்கொண்டுதான் அப்படி அழைத்துக்கொள்கிறது. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்று அதற்கென ஒரு நிர்வாகம் இருந்தது. அந்த நாட்டுக்காரருக்கு நாமக்கல்தான் தூரம். ஆனால் மலையிலுள்ள நாடு 'உள்ளே' போய்விட்டது. சமவெளித் தாலுகா 'வெளி' ஆகிவிட்டது. இந்த இடமாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு ஒரு பெயரடையின் வழியாக நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். அந்தப் பெயரடை ஆங்கிலத்தில் 'இம்பெனிட்ரபிள்'. நாம் அதை 'ஊடுருவ முடியாத', 'புகமுடியாத' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம்.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். 'பெனிட்ரேட்' என்பதன் வேர் லத்தீன். 'பெனிட்டுஸ்' என்றால் உள்ளே, ஆழத்தில். 'பெனுஸ்' என்றால் வீட்டின் உட்பகுதியில் தானியம், பண்டம் வைக்கும் இடம். அந்த இடத்தைக் காக்கும் வீட்டுத் தெய்வங்களுக்கு ரோமானியர் 'பெனாத்தெஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆக, இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது போர்க்களமோ காடோ அல்ல. அடுத்தவன் வீட்டுக் குதிர் வரைக்கும் போவதுதான் அதன் பழைய பொருளோடு ஒட்டிய செயல். வரிவசூல் செய்தவர்களுக்கு இது விளக்கிச் சொல்லத் தேவையில்லாத விஷயம்.

தமிழில் இந்தப் பொருளைச் சொல்லும் இயல்பான வழி வேறு. 'குண்டு துளைக்காத கார்' என்கிறோம். துளைக்கப்பட முடியாத கார் என்று யாரும் சொல்வதில்லை. 'ஈ எறும்பு நுழையாத இடம்', 'வெயில் படாத தோப்பு', 'காத்து போகாத ரூம்'. இவை எல்லாம் எதிர்மறைப் பெயரெச்சங்கள். எழுவாய் உள்ளேயே இருக்கிறது: துளைக்காதது குண்டு, நுழையாதது எறும்பு, போகாதது காற்று. தோல்வி வருகிற பொருளுடையது. இடத்தின் மேல் அது ஏற்றப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு தடவையும் 'எது நுழையாத?', 'யார் புகாத?' என்ற கேள்வி வாக்கியத்தில் பாக்கி நிற்கிறது. ஆங்கிலப் பெயரடை அந்தக் கேள்வியைத் தீர்த்துவிடுகிறது. காட்டுக்கே ஒரு சாராம்சம் வந்துவிடுகிறது: அது புகமுடியாத காடு, யாருக்கும், எப்போதும்.

தமிழின் தூய்மையை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வேலைக்குப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். தமிழிலும் இந்தக் குணத்தைப் பண்புப்பெயராக்கியவர்கள் உண்டு. திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண் பற்றியது. அங்கே கோட்டைக்கு வேண்டிய நான்கு குணங்களில் உயரம், அகலம், உறுதி ஆகியவற்றோடு 'அருமை' என்பதும் ஒன்று. அணுகுவதற்கு அரிதாக இருப்பது என்று அதற்குப் பொருள். இன்று 'அருமையான காபி' என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் நமக்கு நினைவில் இல்லை. கவனிக்க வேண்டியது, பண்புப்பெயர் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை. அரசன் எப்படிக் கோட்டை கட்ட வேண்டும் என்ற பேச்சில், அரசு பற்றிய நூலில் அது பிறக்கிறது. புகமுடியாமையை ஒரு சொத்தாகப் பார்க்கத் தொடங்குவது அரசுதான், அது எந்த மொழியில் பேசினாலும்.

சங்கப் பாடல்களில் இதற்கு இன்னொரு சொல் இருக்கிறது: கடி. கடிமிளை என்றால் கோட்டையைச் சுற்றி வளர்த்துக் காக்கப்பட்ட காவற்காடு. கடிமரம் என்றால் ஓர் அரசனின் காவல் மரம். அதை வெட்டிச் சாய்த்துவிட்டால் அவன் தோற்றுப்போனான் என்று பொருள். தொல்காப்பிய உரியியல் 'கடி' என்ற உரிச்சொல்லுக்கு வரிசையாகப் பல பொருள்களைச் சொல்கிறது. அவற்றில் காப்பும் உண்டு, கூர்மையும் உண்டு, அச்சமும் உண்டு, விரைவும் உண்டு. காப்பதற்கும் குத்துகிற கூருக்கும் ஒரே சொல். ஒரு மொழியில் இது தற்செயலாக நேரலாம்தான். ஆனால் புகவிடாத காடும் புகுகிற வேலும் ஒரே அரசனின் இரண்டு கருவிகள் என்று யோசித்தால் அவ்வளவு தற்செயலாகத் தெரியவில்லை. கடிமிளை இயற்கையான காடு அல்ல. முள்ளும் மரமும் வளரவிட்டு, ஆள் போட்டுக் காத்து, யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தீர்மானித்து உண்டாக்கிய காடு. அதன் அடர்த்தி ஓர் ஆணை.

புறநானூற்றின் 21ஆம் பாடல் அப்படி ஒரு காட்டைச் சொல்கிறது. வெயில் கதிர்கூட நுழையாத காவற்காடு சூழ்ந்த கானப்பேரெயில் என்ற கோட்டையைப் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி வேங்கைமார்பன் என்பவனிடமிருந்து பிடித்தான். பாடியவர் ஐயூர் மூலங்கிழார். (இங்கேயும் நுழையாதது கதிர்தான். பாண்டியனின் படை நுழைந்துவிட்டது.) கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோயில்.

அதே காளையார்கோயில் காடு 1801இல் மறுபடியும் வரலாற்றுக்குள் வருகிறது. மருதிருவரைப் பிடிக்க கர்னல் அக்னியூ தலைமையில் கும்பினிப்படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலை நோக்கிக் காட்டை வெட்டிப் பாதை போடத் தொடங்கியது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் வெட்டினார்கள். பகலில் வெட்டுவது, இரு பக்கமிருந்தும் தாக்குதல் வாங்குவது, காய்ச்சலில் விழுவது, மறுநாள் மறுபடி வெட்டுவது. சுமார் ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். பிறகு வேறு திசைகளிலிருந்து நுழைந்து அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோயிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830இல் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்றும் அவர் அதில் எழுதியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது வீரம் அல்ல, அகலம். ஒரு மனிதன் போவதற்கு எவ்வளவு அகலம் வேண்டும்? ஒத்தையடிப் பாதை போதும். பீரங்கிக்கும் வெடிமருந்து வண்டிக்கும் மாட்டு மந்தைக்கும் வரிசை கட்டிப் போகும் சிப்பாய்க்கும் அது போதாது. அந்தக் காட்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். அரிசி வந்தது, உப்பு வந்தது, ஓலை வந்தது. காடு யாருக்கும் புகமுடியாததாக இல்லை. பீரங்கிக்குப் புகமுடியாததாக இருந்தது. வருகிறவனின் வண்டி அகலமாக இருப்பதைக் காட்டின் குணமாக எழுதிவைக்கிற வித்தை அந்தப் பெயரடைக்குள் இருக்கிறது. 1801 டிசம்பரில் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணை வந்தது. புகமுடியாமையைத் தனியாரிடம் விட்டுவைக்கக் கூடாது என்பது புது அரசின் முதல் பாடம்.

கொல்லிமலைக்குத் திரும்பலாம். இந்த மலையின் பெயரைச் சொன்னதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது துளைத்தல்தான். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல் பள்ளிக்கூடக் கதையாகிவிட்டது. ஆண்டுதோறும் ஆடியில் அரசே வல்வில் ஓரி விழா நடத்துகிறது. ஆனால் அதே ஓரி எப்படிச் செத்தான் என்பதை விழா மேடையில் யாரும் விரித்துப் பேசுவதில்லை. முள்ளூர் மலைக்குரிய காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூற்றின் 209ஆம் பாடல். ஒரு மலைத்தலைவனைக் கொண்டு இன்னொரு மலைத்தலைவனை முடித்துப் பேரரசன் மலையை எடுத்துக்கொண்டான். மலையைத் துளைப்பதற்கு மலையிலேயே அம்பு தேடுவது பழைய தந்திரம்.

கொல்லிப்பாவையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சங்கப் பாடல்களில் அவள் தெய்வம் செய்து வைத்த அழகிய பாவை, காதலியின் அழகுக்கு உவமை. பிற்காலக் கதைகளில் அவள் சிரித்து மயக்கி, வருகிறவனைக் கொல்லும் காவல் பாவை ஆகிறாள். உவமை எப்போது வேலி ஆனது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம். 'கன்னிக்காடு' என்று ஆண்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாவையின் ஞாபகம்தான் வருகிறது. காட்டைப் பெண்ணாக்கி, பெண்ணைப் பொறியாக்கி, பிறகு புகுந்தவனை வீரனாக்குகிற கதைகள் உலகெங்கும் உண்டு.

அதே நேரத்தில் மலைக்கு மனிதர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அறப்பள்ளியைத் தேவாரம் வைப்புத்தலமாகக் குறிப்பிடுகிறது. அறப்பளீசுர சதகம் பாடிய அம்பலவாணக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். மலைப் பண்டங்கள் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கின. உப்பும் துணியும் இரும்பும் ஏறின. மலையாளி மக்களே தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழியினர் என்று சொல்லும் கதையை 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் காணலாம். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மக்களை அண்ணன் தம்பியாக்குகிற கதை. அந்தக் கதையை வரலாற்று ஆதாரமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 'ஆதிகாலம் தொட்டு வெளியுலகம் தெரியாமல் கிடந்தவர்கள்' என்று நாம் யாரை வருணிக்கிறோமோ அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதல் கதையே ஒரு பயணக் கதை, மலைக்குள் புகுந்த கதை. இது போதும், அந்தப் பெயரடையைச் சந்தேகிக்க.

வெள்ளைக்காரர்களை மலையிலிருந்து தள்ளிவைத்தது மரம் அல்ல, கொசு. கொல்லி என்ற பெயருக்கே 'கொல்லும் மலை' என்று விளக்கம் சொல்லப்படுவதற்குக் காய்ச்சலும் ஒரு காரணம். ஏற்காட்டில் காபித் தோட்டமும் பங்களாவும் பள்ளிக்கூடமும் வந்தபோது, அதே மாவட்டத்தில் அதே மாதிரி உயரமுள்ள கொல்லிமலை அப்படி ஒரு கோடைவாசத்தலம் ஆகவில்லை. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், இவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதி இங்கே வந்து தங்கினார்கள். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். சிறு வயதில் இந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் பிற்பாடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. உணர்வு செத்துப்போவதால் முள் தைப்பதும் நெருப்பு சுடுவதும் தெரியாமல் புண் பெருகித்தான் உறுப்பு போகிறது என்பது அவர் வலியுறுத்திச் சொன்ன விஷயம். குத்துவது தெரியாத தோல் பாதுகாப்பான தோல் அல்ல என்று அவர் புரிந்துகொண்டது, கடிமிளை கட்டிய அரசர்களுக்குக் கடைசிவரை புரியாத ஒன்று. இது கொஞ்சம் விலகிப் போகிற விஷயம்தான், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

நமக்கு முக்கியமான ஆண்டு 1882. அந்த ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை வகை பிரித்தது. 'ரிசர்வ்டு ஃபாரஸ்ட்' என்ற வகைக்கு நாம் இன்று பயன்படுத்தும் அரசுத் தமிழ் 'காப்புக்காடு'. மலையேறும் வழியில் வனத்துறைப் பலகையில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். காப்புக்காடு என்றால் காவற்காடு. காவற்காடு என்றால் கடிமிளை. மொழிபெயர்த்தவர் சங்க இலக்கியம் படித்தவரா என்று எனக்குத் தெரியாது. படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம். கடிமிளை வெளியிலிருந்து வரும் எதிரிக்கு எதிரானது. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் வழி தெரியும். காப்புக்காடு உள்ளே இருப்பவர்களுக்கு எதிரானது. விறகும் தேனும் கிழங்கும் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், எரித்து விதைப்பவர், இவர்கள்தான் அதன் எதிரிகள். குத்தகைக்காரருக்கும் மர வியாபாரிக்கும் வழி உண்டு. புகமுடியாமை இப்போது முள்ளால் ஆனதல்ல, அபராதத்தால் ஆனது.

இது நம் மலைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. உகாண்டாவில் ஒரு தேசியப் பூங்காவின் அதிகாரபூர்வப் பெயரே 'பிவிண்டி இம்பெனிட்ரபிள்'. 1991இல் அது தேசியப் பூங்காவானது. 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மலைக் கொரில்லாக்களுக்குப் பேர்போன இடம். அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, தேனெடுத்து வாழ்ந்த பாட்வா மக்கள் பூங்கா அறிவிப்போடு வெளியேற்றப்பட்டார்கள். புகமுடியாத காடு என்று பெயர்; அதற்குள்ளிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது! பெயர்ப்பலகையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிற இடம் இது. அர்ஹெந்தினாவின் சாக்கோ பகுதியிலும் 'எல் இம்பெனெத்ராபிளே' என்றே ஒரு நிலப்பரப்பு உண்டு. 2014இல் அங்கேயும் அதே பெயரில் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அந்தச் சாக்கோ விச்சீ, கோம் மக்களின் நிலம். காளையார்கோயில், கொல்லிமலை, பிவிண்டி, சாக்கோ எல்லாவற்றிலும் வேலை ஒரே மாதிரி நடக்கிறது. முதலில் படை அல்லது அதிகாரி போக முடியாத இடம் 'புகமுடியாதது' ஆகிறது. புகமுடியாதது என்பதால் 'ஆளில்லாதது' ஆகிறது. ஆளில்லாதது என்பதால் அரசுடையது ஆகிறது.

மலை மக்கள் பற்றிய சமீபத்திய எழுத்துகளில் ஜேம்ஸ் ஸ்காட்டின் வாதம் நம் ஆட்களிடம் செல்வாக்கோடு இருக்கிறது. 2009இல் வந்த அவருடைய நூல் தென்கிழக்காசிய மலைகளில் வாழ்ந்தவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர், வரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் தப்பி வந்தவர்கள் என்று சொல்கிறது. அவர்களின் பயிர்கூட அரசிடமிருந்து தப்பும் பயிர் என்பார். அதற்கு அவர் காட்டும் நல்ல உதாரணம் மரவள்ளி. மண்ணுக்கடியில் கிடக்கும், ஒரே நாளில் அறுக்க வேண்டியதில்லை, வரி வாங்க வருகிறவன் குழி தோண்டித்தான் எடுக்க வேண்டும். படிக்கும்போது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் கொல்லிமலையில் குச்சிக்கிழங்கு செய்தது நேர் எதிரான வேலை.

சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு விளைந்த மலை இது. ராசிபுரம், ஆத்தூர், சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகி, 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவும் வந்தது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். மலையில் சாமை போட்டிருந்த சரிவுகளில் குச்சி ஊன்றினார்கள். யாரும் கத்தி காட்டிச் செய்யச் சொல்லவில்லை. கையில் காசு வந்தது. பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடிந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கீழேயிருந்து உட்கார்ந்துகொண்டு 'பாரம்பரிய உணவு' பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குச் சாமை குத்திய பெண்களின் தோள்வலி தெரியாது. சாமையின் உமி சுலபமாகப் போகாது. உரலும் உலக்கையுமாக நாளெல்லாம் குத்த வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியத்தைக் காக்க முனைந்தபோது உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கொண்டுவர வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் கேழ்வரகைக் குதிரில் கொட்டி வைத்தால் வண்டு துளைக்காது, வருஷக்கணக்கில் கிடக்கும். விலை வந்தால் விற்கலாம், வராவிட்டால் தின்னலாம். பிடுங்கிய கிழங்கைச் சில நாள்கூட வைக்க முடியாது; ஆலைக்குப் போயாக வேண்டும். லாரிக்காரன் சொன்ன விலைதான் விலை. முன்பணம் வாங்கியிருந்தால் அந்த விலையும் இல்லை. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாக்காரர்கள் அந்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த 70 வளைவுகளையும் கிழங்கு லாரி இறங்கிப் போகிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் வெட்டிய காலத்தில் தாது லாரியும் மலையிலிருந்து இறங்கியது. அந்த ஆலையும் சுரங்கமும் நின்றுவிட்டன, வெட்டிய குழி நிற்கவில்லை. லாரிக்கு எடப்புளி நாடும் இன்டீரியர் அல்ல, எந்த நாடும் இன்டீரியர் அல்ல. லத்தீன்காரன் சொன்ன பொருளில், குதிர் வரைக்கும் போயாகிவிட்டது.

இப்போது சட்டத்தின் இன்னொரு முனை. 2006இன் வன உரிமைச் சட்டம் 2008 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டில் வசித்து, அதை நம்பி வாழ்ந்துவரும் பழங்குடிகளுக்கு உரிமை தர வேண்டும் என்பது அதன் சாரம். நீதிமன்ற அனுமதியில்லாமல் பட்டா தரக் கூடாது என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் மட்டும் 2016 வரை இழுத்தடிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் விதிகளில் 13ஆம் விதி எதையெல்லாம் சான்றாக ஏற்கலாம் என்று சொல்கிறது. முதலில் வருவது அரசு ஆவணங்கள்: கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, வரைபடம். பிறகு கோயில், சுடுகாடு, கிணறு போன்ற தடயங்கள். உரிமை கோருபவரல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தையும் எழுத்தில் வாங்கிச் சேர்க்கலாம்.

அதாவது வெள்ளைக்கார அதிகாரி குதிரையை விட்டிறங்காமல் 'புகமுடியாத அடர்காடு' என்று எந்த மலையைப் பற்றி எழுதி வைத்தானோ, அந்த வாக்கியம் நூறு வருஷம் கழித்து அந்த மலைக்காரரின் மனுவோடு மோதுகிறது. புகமுடியாத காட்டில் உன் பாட்டன் எப்படி இருந்தான் என்று கேட்பதற்கு ஒரு வரி போதும். கெசட்டியரைப் படிக்கும் தோழர்கள் இடப்பெயர்களையும் சாதிப் பட்டியலையும் மட்டும் பார்த்துவிட்டுப் பெயரடைகளைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்தில் பெரியவரின் வாக்குமூலம் இருக்கிறது. அதிலும் ஒரு சொல் காலை வாரும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் 'காடு' என்றால் மானாவாரி நிலம். 'காட்டுக்குப் போறேன்' என்றால் வயல் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். மேட்டுக்காடு, சோளக்காடு, சாமைக்காடு என்றுதான் நிலத்துக்குப் பெயர். மரமடர்ந்த இடத்துக்குச் சோலை, கரடு என்று வேறு சொற்கள் இருக்கின்றன. ஒரு பெரியவர், "எங்க பாட்டன் காலத்துலருந்து அந்தக் காட்டுல சாமை போட்டோம்" என்று சொன்னால் அவர் தன் நிலத்தைச் சொல்கிறார். அதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் அலுவலகத்தில் 'காடு' என்பதற்கு ஃபாரஸ்ட் என்ற ஒரே பொருள்தான். வனத்தில் அத்துமீறிச் சாகுபடி செய்ததை மனுதாரர் தரப்பே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

எனவே வாக்குமூலம் எழுதுகிற தோழர்கள் பெரியவர் பேச்சைச் 'சுத்தத் தமிழுக்கு' மாற்றாமல் அவர் சொன்னபடி எழுத வேண்டும். எழுதிவிட்டு, ஒவ்வொரு 'காடு'வுக்கும் பக்கத்தில் அதன் பெயரையும் எல்லையையும் சேர்க்க வேண்டும். எந்தக் காடு, யாருடைய பேர் சொல்லி அழைக்கிற காடு, கிழக்கே எந்தப் பாறை, மேற்கே எந்த ஓடை, எந்த வருஷம் கடைசியாகச் சாமை விதைத்தது, எப்போது குச்சி ஊன்றியது, வனத்துறைக் கல் நட்டது அதற்கு முன்னாலா பின்னாலா. வழியையும் எழுத வேண்டும்: வீட்டிலிருந்து அந்தக் காட்டுக்கு எந்தத் தடத்தில் போவார்கள், நடந்தால் எவ்வளவு நேரம், தலைச்சுமையோடு நடந்தால் எவ்வளவு நேரம் என்று.